கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு பாடை

நம் துறை ஊழியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ‘உலக சமாதானம்’ என்ற தலைப்பில் எழுதித் தாருங்கள் என்று நீங்கள் நான்கு பேர் வந்து கேட்டுவிட்டுப் போன பிறகு, நான் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். பாசனத் துறையில் ஓவர்சியராக நுழைந்து, ஷட்டரையும் மடையையும் கட்டிக்கொண்டு அழுது, ஒருவழியாக ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்த உலகம் பேச்சிப்பாறை அணையில் தொடங்கிக் கடைவரம்பில் முடிந்துபோகும். வெளியூரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன்: கடைவரம்பு என்றால் கால்வாயின் வால். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் வயல்கள். பல நேரம் போய்ச் சேராத வயல்கள்.

சிரித்து முடித்தபோது ஒரு நாள் ஞாபகத்துக்கு வந்தது. எத்தனையோ வெள்ளத்தையும் கரை உடைப்பையும் பார்த்துவிட்டேன். ஆனால் அந்த நாளை நினைத்தால் மட்டும் இப்போதும் எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. அதையே எழுதிவிடுகிறேன். உங்கள் தலைப்புக்குப் பொருந்துகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நாடு விடுதலை அடைந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. டீக்கடை ரேடியோவில் கொரியாச் சண்டையைப் பற்றிச் சொல்வார்கள். பெரிய குண்டு விழுந்தால் எத்தனை ஊர் அழியும் என்று ஆளுக்கொரு கணக்குப் போடுவார்கள். ‘மனுசன் மனுசனை இப்பிடியா கொல்லுவான்?’ என்று கண் கலங்குகிறவர், டீ குடித்து முடித்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்து ஊர்க்காரன் மண்டையைப் பிளக்கக் கால்வாய்க் கரைக்குக் கிளம்புவார். இரண்டும் ஒரே மனிதர்தான். இதில் நான் பொய் ஒன்றும் சேர்க்கவில்லை.

மழை ஏமாற்றிய வருடம் அது. கும்பப்பூ, அதாவது மாசியில் அறுக்கிற போகம், கதிர் தள்ளி நின்றது. அணையில் தண்ணீர் குறைவு என்பதால் ஊர் ஊராக முறை வைத்துத் திறந்தோம். ஒரு ஊரின் முறை நடக்கும்போது மற்ற ஊர்களின் மடைகள் எல்லாம் அடைத்திருக்க வேண்டும். காகிதத்தில் அவ்வளவுதான். கரையில் நடப்பது வேறு. கடைவரம்புக்காரர்கள் தங்கள் முறை வந்ததும் ஷட்டர் வரைக்கும் ஏறி வருவார்கள். திறந்ததும், வறண்ட கால்வாயில் தண்ணீரின் முனை ஊர்ந்து போகப் போக, அதனோடு கூடவே நடப்பார்கள். வழியில் எவனாவது கரையை வெட்டித் தன் வயலுக்குத் திருப்பிவிடுவானோ என்ற பயம். கல்யாணப் பெண்ணை வழியனுப்பிக் கூட்டிப்போகிற மாதிரி தண்ணீரைக் கூட்டிப்போவார்கள்.

எனக்குப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போன மூத்த ஓவர்சியர் ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னார். “வே, சண்டை வந்துதுண்ணா ஷட்டரு கைப்பிடியக் கழத்தி வீட்டுக்குக் கொண்டுபோயி, காய்ச்சல்னு போத்திப் படுத்திரும். அடி அவனுகளுக்கு, லீவு உமக்கு.” அவர் அப்படியே பல காய்ச்சல்களைப் பார்த்து, நல்ல பெயரோடு ஓய்வு பெற்றவர்.

என் பிரிவில் ஷட்டருக்கு அடுத்து இருந்தது மேலூர். கால்வாயின் ஒரு கரையில் வீடுகள், அடுத்த கரையில் சுடுகாடு. இடையில் ஒரு தென்னந்தடிப் பாலம். ஒருவர் பின் ஒருவராகப் போகலாம். நாலு பேர் பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு போக முடியாது. சாலைப் பாலம் வழியாகச் சுற்றிப் போகலாம் என்றால் அது கோயில் நடைக்கு முன்னால் போகிற வழி. அந்த வழியே பிணம் போவது வழக்கமில்லை. ஆகவே மேலூரில் துட்டி விழுந்தால், சாவு விழுந்தால், ஷட்டருக்கு ஆள் வரும். அரை நாள் அடைப்போம். தண்ணீர் வடிந்ததும் பாடை கால்வாய்க்குள் இறங்கி அக்கரை ஏறும். நல்ல வருடங்களில் இதை யாரும் கேள்வி கேட்டதில்லை.

போன வருடக் கும்பப்பூவின்போது இந்த வழக்கத்தை வைத்தே மேலூரில் சிலர் ஒரு காரியம் செய்திருந்தார்கள். கடைவரம்பின் முறை நடக்கும்போது, கிழவி ஒருத்தி செத்துப்போனாள் என்று ஆள் அனுப்பினார்கள். ஷட்டரை அடைத்தோம். கால்வாயில் நின்ற தண்ணீர் அத்தனையும் மேலூர் வயல்களுக்குள் போயிற்று. கிழவி சாகவில்லை. விஷுவுக்கு நான் அந்தப் பக்கம் போனபோது முற்றத்தில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, “ஒரு சொள திங்கியளா சாரே?” என்று வேறு கேட்டாள்.

அதற்கு நியாயம் கேட்கக் கடைவரம்பிலிருந்து வந்தவர் ஐயாக்குட்டி. நாற்பது வயது இருக்கும். ஐயா வழி என்கிற பக்தி மார்க்கத்தைச் சேர்ந்தவர். நெற்றியில் வெள்ளை நாமம், தலையில் வெளுத்த துணி. அவரைப் போன்றவர்கள் தலையில் துணி கட்டவே கூடாது என்று முன்பு ஒரு காலத்தில் தடுத்து வைத்திருந்த மண் இது. அதனால் அந்தத் துணி அவர்களுக்கு மானம். அதைக் கட்டிக்கொண்டுதான் கும்பிடுவார்கள். மேலூரின் பெரிய நிலக்காரர் சிவதாணு, கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லாமல், கைத்தடியை நீட்டி அந்தத் துணியைத் தட்டிவிட்டார். அது கால்வாயில் விழுந்து போயிற்று. ஐயாக்குட்டி கரையோடு ஓடி, கீழே ஒரு மடையில் சிக்கியதை எடுத்துப் பிழிந்து, ஈரத்தோடு மறுபடியும் கட்டிக்கொண்டார். இதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

கடைவரம்பின் முறை. அந்தப் போகத்துக்கு அதுவே கடைசி. விடியலில் திறந்தோம். தண்ணீர் மேலூரைத் தாண்டிப் போய்விட்டது. காலை வெயில் ஏறும் நேரத்தில் லஸ்கர் தாசையா, ஷட்டரைத் திறந்து அடைக்கிற எங்கள் ஆள், ஓடி வந்தார்.

“சாரே, மேலூருல துட்டி. சிவதாணு பெரியவரு போயிட்டாரு. ஷட்டர அடைக்கச் சொல்லுகாவ.”

“உண்மையாகவே போய்விட்டாரா?” என்று கேட்டுவிட்டேன். ஒரு சாவுச் செய்திக்கு அப்படித்தான் என் வாயில் வந்தது. எங்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

“சங்கு கேக்குல்லா சாரே” என்றார் தாசையா.

இரும்புக் கைப்பிடியைக் கையில் எடுத்துக்கொண்டு தென்னந்தடிப் பாலத்துக்குப் போனேன். அதற்குள் இரு கரையிலும் ஆட்கள். இந்தப் பக்கம் மேலூர்க்காரர்கள், நடுவில் பாடை, முன்னால் கொள்ளிச் சட்டியோடு சிவதாணுவின் மகன் நீலகண்டன். அந்தப் பக்கம் செய்தி கேட்டுத் திரும்பி ஓடி வந்த கடைவரம்புக்காரர்கள், கையில் மண்வெட்டிகளோடு. நடுவில் கழுத்தளவுத் தண்ணீர், நல்ல இழுப்போடு. போலீஸுக்கு ஆள் அனுப்பினேன். அவர்கள் வந்து சேர மதியம் ஆகும்.

“எங்க அப்பா நேத்து சாயங்காலம் போனாரு. இன்னும் எம்புட்டு நேரம் கெடத்தணும்? அடைங்க சாரே” என்றார் நீலகண்டன்.

அக்கரையிலிருந்து ஐயாக்குட்டி கும்பிட்டபடி பேசினார். “சாரே, இப்பம் அடைச்சா முன்ன போன வெள்ளம் பாதி வழியில மணலுல வத்திரும். பொறவு தொறந்தாலும் எங்க வயலுக்கு வந்து சேராது. பயிரு பாலு பிடிக்க நேரம். இது போச்சுண்ணா வருசம் முழுக்க பிள்ளையளுக்கு என்னத்த குடுப்போம்?”

எங்கள் பக்கத்துப் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர்தான். அவர் சொன்னது சரி. நீலகண்டன் கேட்டதும் சரி. தம்பிகளே, உங்கள் பயிற்சியில் சரிக்கும் தவறுக்கும் நடுவே முடிவெடுக்கச் சொல்லித் தருவார்கள். அது சுலபம். இரண்டு சரிகளுக்கு நடுவே ஒரு கைப்பிடியோடு நின்று பாருங்கள். அடைத்தால் ஒரு ஊர் பட்டினி. அடைக்காவிட்டால் பிணம் வெயிலில். மூத்த ஓவர்சியரின் காய்ச்சல் வைத்தியம் அப்போது எனக்கு ரொம்பவும் இனிப்பாகத் தெரிந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அந்த நேரம் பார்த்து அக்கரைக் கூட்டத்திலிருந்து ஒரு இளவட்டம் கத்தினான். “போன வாட்டி செத்த கெழவி இப்பமும் வெத்தல இடிக்கா! இவரு மட்டும் செத்தாருண்ணு நாங்க எப்பிடி நம்புவோம்? செத்தவருக்க மொகத்தக் காட்டச் சொல்லுங்க சாரே!”

எந்த ஊரில் இப்படிக் கேட்பார்கள்? இறந்தவனைப் பார்த்து, நீ நிஜமாகவே இறந்தாயா என்று கேட்பது! அடுத்த கணம் மேலூர்க்காரர்களின் வெட்டுக்கத்திகள் வெளியே வந்தன. துட்டிக்கு வந்தவர்களின் இடுப்பில் அத்தனை கத்தி இருந்தது எனக்கு இரண்டாவது அதிர்ச்சி. அழுவதற்கு வரும்போதே வெட்டுவதற்கும் தயாராக வந்திருந்தார்கள்.

நீலகண்டன் யாரையும் நெருங்கவிடாமல் தடுத்து, பாடையின் மேல் துணியை இழுத்து விலக்கினார். “பாருங்கலே! நல்லாப் பாத்துக்கிடுங்க! எங்க அப்பன் செத்துதான் கெடக்காரு!”

வெயில் பெரியவரின் முகத்தில் விழுந்தது. வாய்க்கட்டு கட்டிய, வற்றிப்போன, சின்ன முகம். கைத்தடியை நீட்டிய அந்த மனிதரா இது என்று இருந்தது. ஐயாக்குட்டி அக்கரையிலிருந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு தலைத்துணியை அவிழ்த்தார்.

நம் ஊரில் ஒருவன் தலையிலிருந்து துணியை அவிழ்த்தால், அடுத்து அதை இடுப்பில் இறுக்கிக் கட்டுவான். அதற்கடுத்து அடி விழும். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தோம். கத்தி வைத்திருந்தவர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள். தாசையா, “கர்த்தாவே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐயாக்குட்டி கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கினார். நடுக்கால்வாய்க்கு வந்தார். தண்ணீர் அவருடைய கழுத்தைத் தொட்டது. கையில் இருந்த துணியைச் சுருட்டி, வட்டமாகச் சுற்றி, சுமை தூக்குகிறவர்கள் செய்வது போலச் சும்மாடாக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

“ஷட்டரு அடைக்காண்டாம்” என்றார். “பெரியவர இங்க தாங்க. நாங்க அக்கர சேத்துடுதோம்.”

எனக்கு அது விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவருடைய ஆட்களுக்கும் அப்படித்தான். முகத்தைக் காட்டு என்று கத்திய இளவட்டம் வாயைத் திறந்தபடி நின்றான். ஐயாக்குட்டி திரும்பி அவனைப் பார்த்து, “ஏலே, எறங்கு” என்றார். அவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு இறங்கினான். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் இறங்கி, கரைக்குக் கரை இரண்டு வரிசையாக நின்றார்கள்.

இப்போது இக்கரையில் பிரச்சினை. கோயில் கதவு எல்லோருக்கும் திறந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் பந்தியிலும் பாடையிலும் பழைய வழக்கம்தான். மேலூர்ச் சொந்தக்காரர் ஒருவர், “இவனுவ தொட்டா அவருக்குக் கதி கிடைக்குமா? அடுக்குமா இது?” என்று குதித்தார். நீலகண்டன் என்னைப் பார்த்தார். என்னை எதற்குப் பார்க்கிறார்? மோட்சத்துக்கு எந்த ஷட்டர் என்று எனக்கு என்ன தெரியும்?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிவதாணுவின் மனைவி வந்தார். அந்த வீட்டுப் பெண்கள் கால்வாய் வரைக்கும் வருகிற வழக்கம் இல்லை. அவர் வந்தார். தண்ணீரில் நின்ற ஐயாக்குட்டியின் தலையில் இருந்த சும்மாட்டைப் பார்த்தார்.

“அவிய தட்டிவிட்ட துணில்லா அது” என்றார். “அது மேலயே போவட்டும். குடுங்க.”

அவர் கரையில் குனிந்து, தண்ணீரில் நின்றவர்களிடம் சொன்னார்: “பாத்துக் கொண்டு போங்க மக்கா. அவிய கால் நனையாம கொண்டு போங்க.”

மக்கா என்றார். அந்த வீட்டு வாசலில் அதுவரை அவர்களை ‘ஏய்’ என்பதற்கு மேல் யாரும் அழைத்ததில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

பாடை தண்ணீருக்கு மேலே கைமாறிக் கைமாறிப் போயிற்று. பக்கத்தில் தென்னந்தடிப் பாலத்தில் நீலகண்டன் கொள்ளிச் சட்டியோடு தனியாக, பாடைக்குச் சரிசமமாக நடந்தார். நடு ஆழத்தில் மூங்கில் ஐயாக்குட்டியின் தலைமேல் தங்கியது. கால் வழுக்கி ஒரு முறை அவருடைய முகம் தண்ணீருக்குள் போயிற்று. இரு கரையும் ஐயோ என்றது. எந்தக் கரை முதலில் சொன்னது என்று எனக்குத் தெரியவில்லை. தலை அடியில் போனாலும் கைகள் இரண்டும் மேலேயே நின்றன. பாடை அசையவில்லை. இருமிக்கொண்டு எழுந்து அடுத்த கைகளுக்குத் தள்ளினார். ஒரு சொட்டு நனையாமல் பெரியவர் அக்கரை போய்ச் சேர்ந்தார். சும்மாட்டுத் துணி மூங்கிலில் சிக்கிக்கொண்டு கூடவே போயிற்று. பாடையோடு போனதை யாரும் திருப்பி எடுப்பதில்லை. அது பெரியவரோடேயே எரிந்தது.

நான் செய்தது என்ன என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. கைப்பிடியைத் திருகாமல் நின்றேன். சண்டை மூளும் இடத்தில் அதிகாரி அவசரமாக உத்தரவு போட்டால், நல்லது செய்ய வாய்ப்பிருக்கிற ஒருவருக்கு அங்கே இடம் இல்லாமல் போகலாம். அன்றைக்கு நான் பயத்தில்தான் நின்றேன். பின்னால் தெரிந்தே பல முறை அப்படி நின்றிருக்கிறேன். உங்களுக்கு என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள இது ஒன்று இருக்கிறது.

சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் அதே கால்வாயில் முழுகினார்கள். மழித்த தலையும் ஈர வேட்டியுமாக நீலகண்டன் கரையேறி, அங்கே கிடந்த ஒரு மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார்.

“தீட்டோட எங்கடே போற?” என்று சொந்தக்காரர் கத்தினார்.

“வெள்ளத்தோட போறேன்” என்றார் நீலகண்டன்.

போனார். கடைவரம்புக்காரர்களோடு சேர்ந்து, தண்ணீரின் முனையைப் பிடிக்க வேகமாக நடந்தார். நானும் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். வழியில் இன்னும் ஊர்கள் இருந்தன. அங்கங்கே வாழைத் தோட்டங்களில், கரையை வெட்டுவதற்கு ஆட்கள் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். அன்று மழித்த தலையோடு ஒருவர் கடைவரம்புக்காரர்களுக்கு முன்னால் வருவதைக் கண்டு எழுந்து நின்றார்கள். யார், என்ன என்று கேட்டார்கள். யாரோ சொன்னார்கள். கேட்டவர்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். எந்தப் போலீஸுக்கும் அவர்கள் அப்படி எழுந்து போனதில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அதிசயித்து நின்றேன்.

மறுநாள் உச்சிவேளையில் தண்ணீர் கடைசி வயலுக்குள் நுழைந்தது. வெடித்த மண்ணில் அது இறங்குகிற சத்தத்தைக் கேட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். சிலர் அழுதார்கள். ஐயாக்குட்டி வரப்பில் நின்று, கும்பிடுவதற்காகத் தலையைத் தொட்டார். வெறுந்தலை. துணி எரிந்துபோனது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது போல. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

நீலகண்டன் வெயிலுக்காகத் தன் மழித்த தலையில் ஒரு துவர்த்தை, துண்டை, போட்டிருந்தார். அதை எடுத்தார். உதறினார். இரண்டு கையாலும் நீட்டினார்.

“கெட்டுங்க அண்ணாச்சி” என்றார்.

ஐயாக்குட்டி அதை வாங்கிக் கட்டிக்கொண்டு கும்பிட்டார். அவர் கும்பிட்டு முடிக்கும் வரைக்கும் காத்து நின்றுவிட்டு, நீலகண்டன் மண்வெட்டியோடு திரும்பி நடந்தார். உச்சி வெயில் அவருடைய மொட்டைத் தலையில் அடித்தது. ஊர் போய்ச் சேர அவருக்கு வெகுதூரம் இருந்தது. அவர் வழியில் எங்கேயும் நிழலுக்கு ஒதுங்கவில்லை.